எக்ஸ்ட்ரா அக்கா திறக்கச் சொன்ன கதவு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த கட்டில்கள் போட்டு வைத்த அறைக்கும் நடுவே கம்ப்யூட்டர் பிரிவு இருந்தது. ஜன்னல் கிடையாது. பக்கத்தில் சலவை இயந்திரங்கள் சுற்ற ஆரம்பித்தால் மேஜை மேலிருக்கும் தண்ணீர் பாட்டில் லேசாக நடுங்கும். அந்த அறையில் யாருக்குப் பேனா வேண்டுமென்றாலும், சார்ஜர் வேண்டுமென்றாலும், தலைவலி மாத்திரை வேண்டுமென்றாலும் கடைசி மேஜைக்குத்தான் போவார்கள். கேட்டு முடிப்பதற்குள் இழுப்பறை திறந்துவிடும்.

"வெச்சுக்கோங்க, எங்கிட்ட எக்ஸ்ட்ரா இருக்கு."

இதைச் சொல்லிச் சொல்லியே அந்த மேஜைக்காரிக்கு எக்ஸ்ட்ரா அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கைப்பையில் எப்போதும் இரண்டு குடை. வீட்டுச் சாவி கழுத்தில் ஒன்று, பையில் ஒன்று, செருப்பு அலமாரிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியது ஒன்று.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. புருஷனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு அவள் வந்து இறங்கிய அன்று, சான்றிதழ்கள் இருந்த பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. வேலை தருவதாகச் சொன்ன அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்ற ஆளு நீங்கதான்னு நாங்க எப்படி நம்பறது?" அதே பெயர், அதே முகம், பாஸ்போர்ட்டில் அதே கையெழுத்து. இருந்தும் அன்று அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பெட்டி பிறகு ஒருநாள் சக்கரம் உடைந்து வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எதுவும் ஒன்றோடு நிற்பதில்லை.

வீட்டில் அலமாரிக்கு மேலே இன்னொரு பெட்டி எப்போதும் கட்டித் தயாராக இருந்தது. மூவருக்கும் மாற்றுத் துணி, ஒரு கம்பளிப் போர்வை, துண்டுகள், வேறு ஊர்க் கரண்டுக்கு மாட்டுகிற பிளக்குகள். திடீரென்று கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டுமே. அவர்கள் மூவருக்கும் இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்தது அவளுடைய வேலையை வைத்துத்தான். அந்த வேலையோ வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவள் புருஷன் அந்தப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டுவார். "என்ன, இன்னும் டிரெயின் வரலையா?"

பெண் பள்ளியில் கடைசி வருஷம். நடுவில் பிடுங்கிக்கொண்டு போனால் இதுவரை படித்தது எந்த ஊரிலும் செல்லாது.

அந்த வருஷம் மேனேஜர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த தடவை ஒப்பந்தம் எதுவும் தானா புதுப்பிக்க மாட்டாங்க. நோயாளிங்க போன்ல பாக்கற ரெண்டு கம்ப்யூட்டர் அப்ளிகேஷனையும் இணைக்கிற வேலை என்ன ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்." சொன்னது எல்லாருக்கும்தான். ஆனால் இணைக்கிற வேலை கடைசி மேஜையில்தான் இருந்தது.

அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதும் அவளேதான். ஒருநாள் டீ வாங்க மேலே போனபோது, வெளி நோயாளிகள் கூடத்தில் ஒரு டாக்சிக்காரர் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினார்.

"நீங்க கம்ப்யூட்டர் ஆளுங்களாம்மா? இதைக் கொஞ்சம் பாருங்க. டாக்டரைப் பாக்க நேரம் எடுக்கணும்னா இதுல பாஸ்வேர்டு கேக்குது. போட்டேன், உள்ள விட்டுச்சு. அங்கேயே 'லேப் ரிசல்ட்'னு இருக்கேன்னு அமுக்கினா மறுபடி வேற பாஸ்வேர்டு கேக்குது. இப்பத்தானே நான்தான் நான்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த ரூமுக்குப் போனா, நீ யாருங்கறான். தப்புத் தப்பா போட்டுப் பூட்டே விழுந்துடுச்சு."

அவள் அவரைக் கவுண்டருக்குக் கூட்டிப்போய் ரிசல்ட்டை அச்சடித்து வாங்கிக் கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலேயே படித்தார். படித்த பிறகுதான் உட்கார்ந்தார். அவள் டீ வாங்காமலேயே கீழே வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதை ஓட்டும் ஆஸ்பத்திரி சர்வர் ஒன்றில் இரண்டு அப்ளிகேஷன்கள் ஓடின. ஒன்று டாக்டரைப் பார்க்க நேரம் பதிவதற்கு. அது அவள் பிரிவு எழுதியது. இன்னொன்று லேப் ரிசல்ட்டுக்கு. அது வெளியே ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம் மாதிரி. ஒரு வீட்டில் சொன்னது இன்னொரு வீட்டுக்குக் கேட்காது. ரிசல்ட் என்று அமுக்கியதும் பதிவு அப்ளிகேஷன், "அடுத்த கவுண்டருக்குப் போங்க" என்று ஆளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆள் வெளியே போய், சுற்றி, அடுத்த வாசலில் புது ஆளாக நிற்க வேண்டும்.

அவள் செய்ய நினைத்தது வேறு. வந்தவர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அவர் கேட்டதை, இவர் இன்னார் என்ற விவரத்தோடு, சர்வருக்கு உள்ளேயே பக்கத்து அப்ளிகேஷனிடம் ஃபார்வர்டு செய்துவிடலாம். பதிலை அது நேராக அவருக்கே கொடுத்துவிடும். திரையின் மேலே தெரியும் இணைய முகவரிகூட மாறாது. ஜாவா சர்வருக்கு இது தெரிந்த வேலைதான். ஆனால் ஓர் அப்ளிகேஷன் பக்கத்து அப்ளிகேஷனைத் தொடவே அனுமதி வேண்டும். செட்டிங்கில் அந்த அனுமதி சாதாரணமாக மூடித்தான் இருக்கும். அதைத் திறக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரை எல்லாரும் பூட்டு என்பார்கள்.

பூட்டு சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். குளிர் அறையில் இருந்து இருந்து, வெயில் நாளிலும் மஃப்ளர் சுற்றியிருப்பார். யார் எதைத் திறக்கச் சொன்னாலும் அவர் முதலில் சொல்வது, "ஏன், ஜன்னல் வழியா வர முடியாதா?"

அவளிடமும் அதையேதான் கேட்டார்.

"நோயாளிங்க ரெண்டு தடவை லாகின் பண்ண முடியாம கஷ்டப்படறாங்க, அண்ணே."

"கஷ்டப்படட்டும். ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தர் கைக்குப் போனா அதைவிடக் கஷ்டம். நான்தான் அவருன்னு சொல்லிக்கிட்டு எவனாவது வந்தா உங்க ஃபார்வர்டு அவனையும் கூட்டிட்டுப் போய் விடுமா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. இந்த ஒரு கேள்விக்குத்தான் பல ராத்திரிகளாகத் தூக்கமே வராமல் புரண்டிருக்கிறாள். "இணைய முகவரியில நோயாளியோட எண்ணை எழுதி அனுப்பினா யாரு வேணா மாத்தலாம், சரி. நான் அப்படி அனுப்பலை. லாகின் ஆனவரோட விவரத்தை நம்ம அப்ளிகேஷன் சர்வருக்கு உள்ளயே அந்தக் கோரிக்கையோட கட்டி அனுப்புது. வெளியில இருக்கறவங்க கை அங்க எட்டாது."

பூட்டு மஃப்ளரை ஒரு பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முதல்ல சோதனை சர்வர்ல திறக்கறேன். ஆனா ஒண்ணு. நான் திறக்கற ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்துல ஒரு பேர் எழுதுவேன். ஏதாவது ஆச்சுன்னா நான் கூப்பிடற பேர்."

"பிரிவோட பேர் போட்டுடுங்களேன்."

"பிரிவைப் போன்ல கூப்பிட முடியாது அக்கா. எடுக்காது."

சொல்லிவிட்டு அவளுடைய முழுப் பெயரைத் தட்டெழுதினார். அப்பா பெயரையும் சேர்த்து, எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கேட்டு. இந்த ஊரில் அவளுடைய முழுப் பெயரை அப்பா பெயரோடு எழுதி வைத்திருந்தது தங்கும் அனுமதி அட்டை ஒன்றில்தான். இப்போது இரண்டாவதாக ஒரு சர்வர் செட்டிங்கில்.

அன்று மாலை சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். "வேலை போறதுன்னு முடிவாச்சுன்னா காரணம் தேட வேண்டியதே இல்ல. பேரை நானே குடுத்துட்டு வந்திருக்கேன்."

அவர் நிதானமாக மென்று முடித்தார். "நாங்க பாக்கற லிஃப்ட் ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு தகடு இருக்கும். கடைசியா சரி பாத்தது யாருன்னு. இந்த ஊர்ல பாதி கட்டடத்துல என் பேர் தொங்குது."

"ஒண்ணு விழுந்தா?"

"விழாது. பேர் போட்டிருக்கேன்ல, அதனாலதான் இன்னொரு தடவை ஏறிப் பாத்துட்டு இறங்கறேன்."

"அப்பா பேர் தொங்குது, அம்மா பெட்டி தூங்குது" என்றாள் பெண், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் சோதனை. சர்வரில் இரண்டு அப்ளிகேஷன்களுக்கும் பொதுவாக ஒன்று தேவைப்பட்டது. நோயாளி என்றால் பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் எந்த வடிவத்தில் இருக்கும் என்று சொல்லும் ஓர் அச்சு. இங்கே அந்த அச்சில் வார்த்து அனுப்பினால்தான் அங்கே பிரித்துப் பார்க்க முடியும். நம் அக்கா என்ன செய்திருப்பாள் என்று சொல்ல வேண்டுமா? அச்சுக் கோப்பைப் பிரதி எடுத்து இரண்டு அப்ளிகேஷனுக்குள்ளும் ஒவ்வொன்று வைத்திருந்தாள். எந்த வீட்டிலும் இல்லையென்று ஆகிவிடக் கூடாது.

ஃபார்வர்டு போனது. போன வேகத்தில் திரையில் சிவப்பாக ஒரு பிழை வந்து விழுந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். படித்ததில் ஏதோ தப்பென்று மறுபடியும் படித்தாள். நோயாளியை நோயாளியாக ஏற்க முடியாது. அப்படித்தான் இருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க மாமனார் இப்படித்தான் சொன்னாரு அக்கா. மாப்பிள்ளையை மாப்பிள்ளையா ஏத்துக்க முடியாதுன்னு. பழகினா சரியாயிடும்."

அவள் சிரித்தாள். சிரித்த கையோடு இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தாள். பெயர் அதே பெயர். அச்சும் எழுத்துக்கு எழுத்து அதே அச்சு. அவளே பிரதி எடுத்தது. இருந்தும் அந்த வீடு, இது எங்கள் ஆள் இல்லை என்கிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவரின் மரியாதையான முகம் நினைவுக்கு வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு மத்தியானம் வரைதான் ஆனது. ஒவ்வொரு அப்ளிகேஷனும் தன் அச்சைத் தானே எடுத்து ஏற்றிக்கொள்கிறது. ஒரே கோப்பின் பிரதிகளாக இருந்தாலும், ஏற்றியது வேறு வேறு ஆள் என்றால் சர்வருக்கு அவை இரண்டு வேறு அச்சுகள். ஒன்றில் வார்த்ததை இன்னொன்று ஏற்காது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான இடத்தில் ஒரே ஓர் அச்சு இருந்தால் தகராறே இல்லை. அந்தப் பொது இடத்துக்கும் சாவி பூட்டிடம்தான்.

"ஜன்னல் வழியா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். கோப்பைப் பொது இடத்தில் போட்டுக் கொடுத்தார். சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினார்கள். அவள் அமுக்கினாள்.

அதே சிவப்பு. அதே வரி.

மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அன்று வியாழக்கிழமை. குளிர் அறையில் அவளுக்கு வேர்த்தது.

"என் பேரை அழிச்சுடுங்க அண்ணே" என்றாள். "கதவையும் மூடிடுங்க. முடியலைன்னு சொல்லிடறேன்."

பூட்டு அவள் பக்கம் திரும்பவில்லை. இரண்டு அப்ளிகேஷன்களின் உள்ளே இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இங்க ஒண்ணு கிடக்கு. அங்கயும் ஒண்ணு கிடக்கு. பொது இடத்துலதான் போட்டாச்சே, அப்புறம் இது ரெண்டும் எதுக்கு?"

"அது... எக்ஸ்ட்ரா."

"எதுக்கு?"

"பொது இடத்துலேர்ந்து எடுக்க முடியாமப் போயிட்டா?"

அவர் சிரிக்கவில்லை. அதை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். சிரித்திருக்கலாம், யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். "அக்கா, சர்வர் முதல்ல சொந்த வீட்டு அலமாரியைத்தான் திறந்து பாக்கும். அங்க கிடைச்சுட்டா பொது இடத்துப் பக்கம் திரும்பவே திரும்பாது. நீங்க பாதுகாப்புக்கு வெச்சிருக்கறதுதான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது."

அவளுக்கு இது தெரியாததா? கேட்டால் சொந்த மொழியிலும் இந்த ஊர் மொழியிலும் விளக்குவாள். தெரிந்த விஷயம்தான். ஆனால் பிரதியை நீக்கலாம் என்று அவள் கைக்குத் தோன்றவே இல்லை.

"அழிச்சுடுங்க" என்றார்.

"நீங்களே அழிச்சுடுங்களேன்."

"நீங்க வெச்ச கோப்பு. நான் தொட மாட்டேன்."

அவள் கோப்பின் மேல் கர்சரை வைத்தாள். எடுத்தாள். "வேற எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு..."

"எங்கிட்ட பேக்கப் இருக்கு. ராத்திரி ராத்திரி எடுக்கறேன். அது என் கவலை. எல்லாக் கவலையும் நீங்களே பட்டுட்டா எனக்கு எதுக்கு சம்பளம்?"

முதல் பிரதியை அழித்தாள். இரண்டாவது, கம்பெனி அப்ளிகேஷனுக்குள் இருந்ததை, கண்ணை மூடிக்கொண்டுதான் அழித்தாள். பூட்டு சர்வரைக் கிளப்பினார். இருவரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். அவள் அமுக்கினாள். சோதனைக்காக உருவாக்கிய, உலகத்தில் இல்லாத ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு, எந்தக் கேள்வியும் கேட்காமல் திரையில் வந்து நின்றது. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு.

"கீரை சாப்பிடச் சொல்லுங்க" என்றார் பூட்டு.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அம்மா பார்த்தார், தலையாட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை. வேறு ஒரு நோயாளியின் எண்ணை இணைய முகவரியில் எழுதிப் போட்டு, அது எடுபடவில்லை என்பதையும் அவள் காட்டினாள். அடுத்த வாரம் அதை உண்மையான சர்வரில் ஏற்றினார்கள். அன்று அவள் டீ வாங்குகிற சாக்கில் வெளி நோயாளிகள் கூடத்தில் போய் நின்றாள். ஒரு பெண் போனில் லாகின் செய்து, ரிசல்ட்டை அமுக்கி, படித்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்ற பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தாள். அவ்வளவுதான். எக்ஸ்ட்ரா அக்கா டீயை அங்கேயே நின்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

ஒப்பந்தம் பற்றிய பேச்சையே காணோம். ஒவ்வொரு நாளும் மேனேஜர் அறைக் கதவைத் தாண்டும்போது அவள் நடையைக் குறைப்பாள். ஒருவேளை கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. கூப்பிட்டபோது அவள் கவனிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் வந்துதான் சொன்னார்.

"உக்காருங்க" என்றார் மேனேஜர் அம்மா. "உங்ககிட்ட மறைக்கறதுல ஒண்ணும் இல்ல. ரெண்டு அப்ளிகேஷனையும் அந்தக் கம்பெனிகிட்டயே மொத்தமா குடுத்துடலாம்னு மேலிடத்துல ஒரு யோசனை இருந்தது. உங்க இடம் தேவைப்பட்டிருக்காது."

அவள் மடியில் இருந்த பையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சர்வர்காரர் ஒத்துக்கலை. கதவுக்குப் பக்கத்துல எழுதியிருக்கற பேர் இந்தக் கட்டடத்துல இருக்கணும், இல்லைன்னா மூடிடுவேன்னு எழுதியே குடுத்துட்டார். மூடினா திரும்ப ரெண்டு பாஸ்வேர்டு, திரும்ப புகார். கம்பெனியில பேர் குடுங்கன்னு கேட்டோம். அவங்க பிரிவோட பேரைத்தான் போடுவாங்களாம்." மேனேஜர் அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அதனால உங்களுக்கு ஒரு வருஷம். அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியாது."

ஒரு வருஷம் என்றால் பெண் படிப்பை முடித்துவிடுவாள். அவளுக்கு அதுவரைதான் கணக்குப் போடத் தெரிந்தது.

குளிர் அறைக்குப் போனாள். பூட்டு முதுகைக் காட்டி நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே."

"எதுக்கு? பேர் எழுதறது என் வழக்கம். ஊருக்கே பண்றதுதான்." திரும்பாமலேயே கையை நீட்டினார். "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? என்னோடது எங்க போச்சுன்னு தெரியல."

இருந்தது. இரண்டு இருந்தன.

வீட்டில் சொன்னபோது புருஷன் எழுந்துபோய் அலமாரி மேலிருந்த பெட்டியை ஒரு தட்டு தட்டினார். "ஒரு வருஷத்துக்கு டிரெயின் கேன்சல்."

அவளுக்குத் திடீரென்று ஒரு வேகம் வந்தது. நாற்காலியைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். தூக்கும்போதே கனமில்லாமல் இருந்தது. திறந்தால், அடியில் ஒரு பிளக்கும், ஒற்றைக் காலுறையும், பெண்ணின் போன வருஷத்துக் கணக்குப் புத்தகமும் கிடந்தன.

"எங்கடி எல்லாம்?"

பெண் வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். திட்டு வாங்கத் தயாரான முகம். "எல்லாம் வீட்லதாம்மா இருக்கு. துண்டு பாத்ரூம்ல இருக்கு. அப்பா போட்டிருக்கற சட்டை அதுலேர்ந்து எடுத்ததுதான். வேணும்போது ஒண்ணொண்ணா எடுத்தோம்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா. நீ பயப்படுவேன்னுதான் பெட்டியை மட்டும் மேல வெச்சிருந்தோம்."

இத்தனை நாளும் காலிப் பெட்டியை நம்பியா தூங்கினோம் என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கம்பளிப் போர்வை?"

அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன குளிர்லேர்ந்து நீதாம்மா போத்திக்கிட்டு இருக்கே" என்றாள் பெண்.